மஞ்சளேறிய வில்லை

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் ‘மாவு அக்கா’ என்றுதான் சொல்வோம். விண்கற்களை இடித்து மாவாக்குவது அவர் வேலை. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது; நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. மாடிக்கு அனுப்பும் குறிப்புச் சீட்டுகளில் அவரே ‘மாவு’ என்று கையெழுத்துப் போடுவார்.

அவர் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, மேசை, கதவின் உட்புறம் எல்லாம் பளபளப்பில்லாத கருப்பு பெயிண்ட். அளக்கும்போது விளக்கை அணைத்துவிடுவார். வெளிர் நிற உடை போட்டுக்கொண்டு கருவிக்குப் பக்கத்தில் நின்றால், உடையில் பட்ட ஒளி உள்ளே புகுந்து அளவைக் கெடுத்துவிடும். அதனால் வேலைக்கு வந்த நாளிலிருந்து கருப்பு, கருநீலம் தவிர அவர் வேறு எதுவும் உடுத்தியதில்லை. அவர் குடியிருப்புக்குப் புதிதாக வந்த ஒரு பெண்மணி இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று தயங்கித் தயங்கித் துக்கம் விசாரித்தாராம். அக்கா இல்லை என்று சொல்லிவிட்டார். “ஆமான்னு சொல்லியிருந்தா உள்ள கூப்பிட்டு ஒரு காபியாவது குடுத்திருப்பாங்க. அவசரப்பட்டுட்டேன்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அவர் வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் நடந்தது புரியும்.

சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களில் பெரியவை சில, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உள்ளவை. ஆனாலும் இங்கிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதன் அளவைச் சொல்லிவிட முடியாது. சின்ன வெள்ளைக் கல்லும் பெரிய கருப்புக் கல்லும் ஒரே மாதிரி மின்னும். வெஸ்டா என்ற சிறுகோள் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அதைவிடப் பெரிய சீரிஸ், பத்தில் ஒரு பங்குகூட அனுப்புவதில்லை. திரும்பி வருகிற ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு வருகிறது, எது குறைகிறது என்று பார்த்தால், அந்த மேற்பரப்பு எரிமலைப் பாறையா, களிமண்ணா, கரிப்பொடி கலந்ததா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கையில் ஏதாவது வேண்டும். பூமியில் விழுந்த விண்கற்கள் அதற்குத்தான்.

அக்கா ஒரு விண்கல்லிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி எடுப்பார். சிறு கல்வத்தில் இட்டு அரைப்பார். மூன்று சல்லடைகளில் சலிப்பார். பொடியை ஒரு பித்தளைக் கிண்ணத்தில் நிரப்பி, கண்ணாடிப் பட்டையின் விளிம்பால் அழுத்தாமல் ஒரே இழுப்பில் சமன் செய்வார். அழுத்தினால் பொடி பளபளக்கும், அளவு மாறும். பிறகு கருவிக்குக் கீழே முதலில் ஒரு வெள்ளை வில்லையை வைப்பார். உள்ளங்கை அகலம், தூய வெள்ளை, விழுந்த ஒளி அத்தனையையும் திருப்பி அனுப்பக்கூடியது. அதை நூறு என்று வைத்துக்கொண்டு பொடியை அளப்பார். எங்கள் அளவுகள் எல்லாம் அந்த வில்லையை நம்பித்தான் இருந்தன. அது நூறு என்றால் இது ஐந்து, இது பன்னிரண்டு, இது முப்பத்தெட்டு. அவ்வளவுதான் கணக்கு.

மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்து அந்த எண்களைச் சிறுகோள்களின் எண்களோடு பொருத்திப் பார்ப்பது என் வேலை. எங்கள் இருவருக்கும் மேலே துறைத்தலைவர். அவரை மேடம் என்போம். அதிகம் பேசமாட்டார், அநாவசியமாகக் கோபப்படவும் மாட்டார். வாரம் ஒருமுறையாவது படியிறங்கி அக்காவின் அறைக்குப் போவார். இருவரும் இருட்டில் ஒரு வார்த்தையும் பேசாமல் முழு அளவீடு முடியும்வரை நிற்பார்கள். அக்காவுக்கு அந்த அரைமணி நேரம் பெரிது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வீட்டில் அவருக்கு யாருமில்லை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அம்மாவோடு மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் உள்ள வீட்டில் இருந்தார். அம்மா படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் கிடந்து போனபிறகு, ஒரு அறையின் கதவை மூடியே வைத்துவிட்டார். தூசி தட்டக்கூட மாதத்துக்கு ஒருநாள்தான் திறப்பாராம். தங்கை ஒருத்தி, வேறு நாட்டில் கணவன், இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவாள். பாதி நேரம் பிள்ளைகளை அதட்டுகிற சத்தம்தான் கேட்கும் என்பார் அக்கா. கேட்டுக்கொண்டே துணி மடிப்பாராம்.

நான் சேர்ந்த எட்டாம் வருடம் எங்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. பெரிய சிறுகோள் ஒன்று. மிகக் கருப்பு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அகலம். அதற்கு ஒரு எண்ணும் பெயரும் உண்டு, நாங்கள் ‘கரியன்’ என்போம். அதன் ஒளி, அக்கா அரைத்துவைத்திருந்த ஒரு விண்கல்லின் பொடியோடு அச்சாகப் பொருந்தியது. முக்கியமாக நீலப் பக்கத்தில். கருப்புக் கற்கள் பெரும்பாலும் நீல ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கிவிடும். கோடு அந்த ஓரத்தில் தொங்கும். கரியனின் கோடு தொங்கவில்லை. எங்கள் பொடியின் கோடும் தொங்கவில்லை. அந்த விண்கல் கரியனிலிருந்து உடைந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டுரை எழுதினோம். மேடம் பெயர், என் பெயர், மூன்றாவதாக அக்கா பெயர். நாலு இடத்திலிருந்து பாராட்டு வந்தது. பதவி உயர்வுப் பட்டியலுக்கு என் பெயர் போனது. அக்கா கட்டுரையின் முதல் பக்கத்தைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினார். தங்கை ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.

அடுத்த வருடம் புதுக் கருவி ஒன்று வந்தது. அதனோடு ஒரு புது வெள்ளை வில்லையும் பெட்டியில் இருந்தது. அக்காவுக்கு அதை அளக்கவேண்டிய அவசியமே இல்லை. பழைய கருவிக்குப் பழைய வில்லை, புதுக் கருவிக்குப் புது வில்லை என்று அவரவர் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் கை சும்மா இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. புது வில்லையை நூறு என்று வைத்துப் பழையதை அளந்தார். சிவப்புப் பக்கத்தில் தொண்ணூற்றொன்பது. பச்சையில் தொண்ணூற்றேழு. நீலத்துக்குப் போகப் போக தொண்ணூற்றிரண்டு, எண்பத்தொன்பது.

மூன்று நாள் மறுபடி மறுபடி அளந்திருக்கிறார். விளக்கை மாற்றினார். கருவியை மாற்றினார். எண் மாறவில்லை. பழைய வில்லை கண்ணுக்குத் தெரியாமல் மஞ்சளேறியிருந்தது.

அது எதைக் கெடுத்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நூறு என்று நம்பியது நீலத்தில் தொண்ணூறாக இருந்தால், அதை வைத்து அளந்த பொடி எல்லாம் நீலத்தில் இருப்பதைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும். தொங்கவேண்டிய கோடு தொங்காமல் நிமிர்ந்து நின்றிருக்கும்.

பிறகு அவர் தன் பழைய நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தார். எல்லா நாளும் அதில் இருந்தது. வில்லையைக் கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்கடியில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மேற்பரப்பைப் புதிதாக்கவேண்டும். அம்மா கிடந்த இரண்டு வருடமும் தேய்த்ததற்குக் குறிப்பே இல்லை. அந்த நாட்களில் அம்மாவைத் துடைத்து, துணி அலசி, மருந்துத் தண்ணீரில் கைகழுவிக் கழுவி அவர் விரல்களெல்லாம் வெடித்துப்போயிருந்தன. காலையில் களிம்பு பூசிக்கொண்டுதான் வருவார். கையுறை போட்டால் வெடிப்பு எரியும். அதனால் வெறுங்கையால் எடுத்துவைத்திருக்கிறார். விளிம்பைத்தானே பிடிக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். களிம்பின் எண்ணெய் அந்த வெள்ளைக்குள் இறங்கி, விளக்கின் சூட்டில் வருடக்கணக்காகப் பழுத்திருக்கிறது. அம்மா போனபிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தும், உள்ளே இறங்கினது போகவில்லை.

இது யாருக்கும் தெரியாது. நோட்டைப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். பழைய வில்லையை உடைந்துவிட்டது என்று எழுதிக் குப்பையில் போட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்கு முக்கால்வாசி புரியவில்லை. புரிந்த அளவுக்குப் பதறிவிட்டாள். ரிட்டயர் ஆக நாலு வருஷம்தானே இருக்கிறது, எங்கேயோ கிடக்கிற கல்லு கொஞ்சம் கருப்பா இருந்தா என்ன, வெளுப்பா இருந்தா என்ன, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றாளாம். அக்கா வாதாடவில்லை.

திங்கட்கிழமை காலை மேடத்தின் அறையில் நானும் இருந்தேன். அக்கா மாடிக்கு வருவதே அபூர்வம். இரண்டு வில்லைகளையும் மேசைமேல் வைத்தார், பக்கத்தில் நோட்டு.

“மேடம், இந்த வில்லை கெட்டுப்போச்சு. கெடுத்தது நான்தான்” என்றார்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவின் கதையைச் சாக்காகச் சொல்லவில்லை. களிம்பு எதற்கு என்று கேட்டபோதுதான் சொன்னார். மேடம் எண்களைப் பார்த்தார்.

“எப்போ இருந்து?”

“ஆறு வருஷம் இருக்கலாம். இந்த நாள்லேர்ந்துன்னு சொல்ல முடியல.”

“கரியன்?”

“அதுவும் இதுக்குள்ளதான் வருது மேடம்.”

அப்போது நான் கேட்ட கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. ஆய்வகத்தில் வேறு யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை தம்பி, முதலில் இங்கேதான் வந்தேன் என்றார். நான் விடவில்லை. புது வில்லைக்கும் பழைய வில்லைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு திருத்தமாகப் பெருக்கிவிட்டால் போதுமே, ஒரு பகல் வேலை, எல்லாம் சரியாகிவிடுமே என்று மேடத்தைப் பார்த்துச் சொன்னேன். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

“இன்னிக்கு எவ்வளவு மஞ்சள்னு அளந்துட்டேன் தம்பி. அன்னன்னைக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.”

மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். பிறகு, அந்த ஆறு வருடத்தில் எத்தனை பொடி என்று கேட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு என்றார் அக்கா, எண்ணிவைத்திருந்தார். “எல்லாத்தையும் மறுபடி அளந்துடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடம் கணினியைத் திறந்து, கட்டுரை வெளியிட்டவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். எங்களை அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு பதினாலு மாதம். முந்நூற்றுப் பன்னிரண்டு பொடியும் ஒவ்வொன்றாகக் கிண்ணத்துக்கு வந்தது. பழைய பொடி ஈரம் குடித்திருந்தால் உலர்த்தினார். கட்டிபட்டிருந்தால் கல்லை மறுபடி வெட்டி அரைத்தார். ஒவ்வொன்றையும் மூன்று முறை நிரப்பி மூன்று முறை அளந்தார். ஒரு நாளைக்கு இரண்டு முடிந்தால் அதிகம்.

அந்தப் பதினாலு மாதமும் மேடம் கீழே இறங்கவே இல்லை. தண்டிக்கிறார் என்று சொல்லமுடியாது. ஊர் ஊராகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார், முகம் கறுத்திருந்தது, ஒரு பெரிய குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கேட்கவேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்பினார். என் பதவி உயர்வு நின்றுபோனது. சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்டபோது, “தட்டு கழுவத் தெரியாத ஆளை நம்பினா இப்படித்தான்” என்று நான் சொன்னேன். மேசையே சிரித்தது. அந்தப் பேச்சு இரண்டே நாளில் படியிறங்கிப் போய்விட்டது. அக்கா சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதை நிறுத்தினார். அதற்கு முன்னாலும் தனியாகத்தான் சாப்பிடுவார், ஆனால் நாலு பேர் சத்தம் கேட்கிற இடத்தில் சாப்பிடுவார். இப்போது டப்பாவை அந்தக் கருப்பு அறைக்கு வெளியே, வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் திறந்தார். காவலாளிதான் சொன்னான். சில நாட்கள் எண்களைத் தனக்குத்தானே சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பாராம். யாரிடம் பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தானாம்.

கடைசிப் பொடியின் எண்கள் மாடிக்கு வந்தபோது நான் பொருத்தத்தை ஓட்டினேன். எதிர்பார்த்ததுதான். எங்கள் பெருமைக்குரிய அந்த விண்கல்லின் கோடு நீலப் பக்கத்தில் தொய்ந்து கிடந்தது, கரியனோடு சேரவில்லை. ஆனால் வேறு ஏதாவது ஒன்று சேரும் என்று நினைத்திருந்தேன். முன்பு தள்ளிவிட்ட பொடிகளில் ஒன்று இப்போது சரியாக வந்து உட்காரும், தப்பு ஒரு நல்லதில் முடியும் என்று உள்ளூர ஒரு ஆசை. முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஓட்டினேன். அதற்கு முன்னால் அளந்த பழையவற்றையும் ஓட்டினேன். எதுவும் கிட்டத்தில்கூட வரவில்லை.

மேடம் தாளைப் பார்த்துவிட்டு, “கீழ போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றார்.

பதினாலு மாதத்தில் அப்போதுதான் நான் அந்தப் படியில் இறங்கினேன். அளவீடு நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று இருட்டில் நின்றேன். கருவியின் மெல்லிய ரீங்காரம், அவர் மூச்சு. வேறு சத்தமில்லை. இதற்குள்தான் அவர் இத்தனை நாள் இருந்தார் என்பது அங்கே நின்ற அந்த இருபது நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. விளக்கைப் போட்டதும் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

கரியன் எதனோடும் சேரவில்லை என்று சொன்னேன்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லக்கா.”

கிண்ணத்தைக் கருவிக்குக் கீழிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, “அப்ப அதுலேர்ந்து ஒரு துண்டும் இன்னும் நம்ம கைக்கு வரலன்னு அர்த்தம். வந்தா தெரியும்” என்றார். அதில் சோகமும் இல்லை, ஆறுதலும் இல்லை. வேலையைப் பற்றிப் பேசுகிற குரல்.

தட்டு கழுவுகிற பேச்சைப் பற்றி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் இறங்கியிருந்தேன். வாயைத் திறந்தேன். “அக்கா, அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்…” என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடிப் பட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே, “கேள்விப்பட்டேன் தம்பி. பொய் ஒண்ணும் இல்லையே, கழுவலதானே” என்றார். மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருத்தக் கட்டுரை வெளிவந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பொடிகளின் புது அளவுகளும் ஒரே அட்டவணையாக அதில் இருந்தன. மேடம் அக்காவின் பெயரை முதலாவதாகப் போட்டிருந்தார். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அச்சில் வந்தபோதுதான் அக்காவே பார்த்தார். நன்றி சொல்ல மாடிக்குப் போனபோது மேடம் வெளியூர் போயிருந்தார். அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த வருடம் மேடம் ஓய்வுபெற்றார். பிரிவு விழாவில் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்து கைகொடுக்கப் போனவர்களின் வரிசை நீண்டிருந்தது. பாதி தூரம் வந்தவர், மேடத்தைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் திரும்பிவிட்டார்.

அந்த அட்டவணையை இப்போது பல ஆய்வகங்கள் எடுத்துப் பயன்படுத்துகின்றன. நம்பிக்கையாக இருக்கிறதாம். தன் தப்பைத் தானே எழுதிவைத்த அட்டவணை என்பதால்தான் அந்த நம்பிக்கை என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அக்காவிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்றதும் தங்கை வற்புறுத்தி அழைத்தாள். எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டுப் போனவர் இரண்டே மாதத்தில் வந்துவிட்டார். சண்டை ஒன்றும் இல்லையாம். தங்கையும் மாப்பிள்ளையும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்களாம், பிள்ளைகள் தங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். “அங்கயும் தனியாத்தான் இருந்தேன், இங்கயும் அதேதான். இங்கன்னா எந்தச் சாமான் எங்க இருக்குன்னாவது தெரியும்” என்றார்.

அவர் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. அரைப்பதும் அளப்பதும் இப்போது என் தலையில். கையுறை போட்டுக்கொண்டு கருநீலச் சட்டையோடு பாதி நாள் அடித்தளத்தில்தான் இருக்கிறேன். மாடியிலிருந்து யாரும் வருவதில்லை. பொடியை ஒரே இழுப்பில் சமன் செய்வது எனக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை. நடுவில் ஒரு வரி விழுந்துவிடுகிறது. அப்படி விழுந்தால் வராந்தாவுக்கு வந்து அக்காவைப் போனில் கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். பட்டையைச் சாய்க்காமல் பிடிக்கிறேனா, பொடியை எந்தச் சல்லடையில் சலித்தேன், கிண்ணத்தைத் தட்டினேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சில நாள் சந்தேகமே இருக்காது. ஏதாவது ஒன்றைக் கேட்டுவைப்பேன். அவரும் அது தெரியாதவர்போலப் பொறுமையாகப் பதில் சொல்வார்.